கீசரும் ஏசியும்: வீட்டுக்காரர் எதுவரை கை வைக்கலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் நகராட்சி கட்டிய பழைய கவுன்சில் வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கூரைக்குள் 150 லிட்டர் கீசர், இரண்டு ஸ்ப்ளிட் ஏசி, ஜூலைக் குளிருக்கு ஒரு ஹீட்டர். ஏதாவது ஒன்று மாற்றி ஒன்று மக்கர் பண்ணுகிறது. ஆள் கூப்பிட்டுக் கட்டுப்படியாகவில்லை. இந்த வேலைகளை நானே கற்றுக்கொண்டு செய்ய முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?"

முடியும் தம்பி. ஆனால் பலரும் ஆரம்பிக்கிற இடத்தில் நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம். ஏசி வேலை படிக்கணும் என்று தோன்றியதும் அழுத்தம் பார்க்கிற கேஜ் செட்டுக்கும் ஏசியில் ஏற்றுகிற கேஸின் சிலிண்டருக்கும் விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்பதால் சொல்கிறேன், வீட்டுக்குள் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை காற்றோட்டம், தண்ணீர், அழுக்கு இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். கேஸ் அதற்கப்புறம்தான்.

முதலில் வாங்க வேண்டியது இரண்டு தெர்மாமீட்டர். கம்பி முனையில் சென்சர் இருக்கிற சாதாரண டிஜிட்டல் சாமான் போதும். ஒரு நல்ல டார்ச், ஒரு நோட்டு. ஏசி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்து எழுதி வையுங்கள். காற்றை இழுக்கிற மேல்பக்கம் ஒரு சென்சர், குளிர்ந்த காற்று வெளியே வருகிற வாயில் இன்னொன்று. கால் மணி நேரம் ஓடிய பிறகு இரண்டுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்? 8 முதல் 12 வரை இருந்தால் மெஷின் ஆரோக்கியமாக இருக்கிறது என்று கொள்ளலாம். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் 8 வந்தாலே நல்லது, ஏனென்றால் மெஷினுடைய சக்தியில் ஒரு பெரிய பங்கு காற்றிலிருக்கிற ஈரத்தைத் தண்ணீராக்குவதில் போய்விடும். இன்வர்ட்டர் ஏசியாக இருந்தால் அறை குளிர்ந்ததும் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரிமோட்டில் மிகக் குறைந்த டிகிரியை வைத்து, ஃபேனை முழு வேகத்தில் விட்டு அளக்க வேண்டும். இந்த எண் உங்கள் நோட்டில் இருந்தால், அடுத்த வருஷம் "குளிர் பத்தலை" என்று வீட்டில் சொல்லும்போது யூகத்தில் பேச வேண்டியிருக்காது.

வித்தியாசம் 8-க்குக் கீழே இறங்கினால் என்ன பார்ப்பது? ஃபில்டர். முன்மூடியைத் தூக்கினால் இரண்டு வலை வரும். கோடையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்திப் போடுங்கள். வீட்டில் தினமும் சாம்பிராணியும் கற்பூரமும் ஏற்றுகிறவர்கள் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. அந்தப் புகையின் பிசுபிசுப்பு வலையைத் தாண்டி உள்ளே காற்றைக் குளிர்விக்கிற குழாய்ச் சுருளான காயிலின் தகடுகளிலும் அப்பிக்கொள்கிறது. ஃபில்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் போகாமல் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி இருந்தால் காற்று போக வழியில்லை. அதற்கும் கீழே உருளை மாதிரிச் சுழல்கிற ஃபேனின் ஒவ்வொரு இறக்கையிலும் கறுப்பாக அழுக்கு திரண்டிருக்கும். அதை மட்டும் சுத்தம் செய்தாலே பாதிக் குளிர் திரும்பி வந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டின் மெயின் ஸ்விட்ச் பலகையான டிபி போர்டில் ஏசியின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, வெளியே இருக்கிற, இணைப்பைத் துண்டிக்கிற ஸ்விட்சான ஐசோலேட்டரையும் அணைத்துவிட்டு, மென்மையான பிரஷ், தண்ணீர் தெளிப்பான் வைத்துச் செய்யுங்கள். வலது ஓரத்தில் எலக்ட்ரானிக் போர்டு இருக்கும். அந்தப் பக்கம் ஈரமே படக்கூடாது.

அடுத்தது தண்ணீர். இது டர்பன்காரர்களுக்கென்றே எழுதி வைத்த பிரச்சினை. வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், அந்தக் காற்று 23 டிகிரிக்குக் குளிர்ந்தாலே வியர்க்கத் தொடங்கிவிடும். ஏசியின் காயில் அதைவிட எவ்வளவோ குளிர்ச்சியானது. ஆகவே ஒரு கோடை ராத்திரியில் ஒரு சின்ன ஸ்ப்ளிட் யூனிட்டே பல லிட்டர் தண்ணீரை வடிக்கும். அத்தனையும் ஒரு விரல் தடிமன் உள்ள பிளாஸ்டிக் குழாய் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தக் குழாயில் வழவழவென்று பாசி பிடிக்கும், தண்ணீர் எதிர்த்து வந்து சுவரில் இறங்கும், "ஏசி லீக்" என்று போன் வரும். வெளியே குழாய் முடிகிற இடத்தில் ஈரத்தை உறிஞ்சும் வேக்குவம் கிளீனரின் வாயை வைத்துத் துணியால் சுற்றி அடைத்து, ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒன்று வரும். அப்புறம் உள்ளே இருக்கிற தட்டில் ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி வெளியே தடையில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வேலை முடிந்தது. தண்ணீர் தட்டிலேயே தேங்கி நின்றால் யூனிட் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம், அல்லது குழாய் வழியில் மேடேறி இறங்கலாம். நீர்மட்டம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சுவரில் ஈரம் வருகிற இடம் குழாய் முனையாக இல்லாமல் செப்புக் குழாய் போகிற வழியாக இருந்தால் காரணம் வேறு. குழாயைச் சுற்றியிருக்கிற கறுப்பு நுரை உறை வெயிலில் பொரிந்து கிழிந்திருக்கும், அந்த இடத்தில் செம்பு வியர்க்கும். புது உறை வாங்கி மாட்டி, வெயில் தாங்குகிற டேப் சுற்றுவது நீங்களே செய்யக்கூடியதுதான்.

வெளி யூனிட்டுக்கு வருவோம். நீங்கள் இருக்கிற சாட்ஸ்வர்த் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் பிழைத்தீர்கள். ப்ளஃப், இசிபிங்கோ பீச், உம்ஷ்லாங்கா பக்கம் உப்புக் காற்று அலுமினியத் தகட்டைத் தின்றே விடும். சில வருஷத்தில் விரலால் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். அங்கே இருக்கிறவர்கள் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உங்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். தோட்டக் குழாய்தான், கார் கழுவுகிற பிரஷர் வாஷர் வேண்டாம். அது தகடுகளைப் படுக்க வைத்துவிடும்.

இப்போது கேஸ் விஷயம். "கேஸ் குறைஞ்சுபோச்சு, வருஷா வருஷம் போட்டுக்கணும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏசிக்குள் இருக்கிற கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது; ஒழுகுகிற இடத்தை அடைக்காமல் கேஸ் போடுவது பணத்தைக் காற்றில் விடுவதுதான். அதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஃபில்டரும் காயிலும் சுத்தமாக இருந்தும் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி படிந்தால் சந்தேகப்படுங்கள். வெளி யூனிட்டில் குழாய் சேர்கிற பித்தளை நட்டுகளைப் பாருங்கள். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் கசியும் என்பதால் ஒழுகுகிற நட்டில் எண்ணெய் ஒட்டித் தூசு பிடித்திருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து தடவினால் குமிழி வரும். இவ்வளவு தெரிந்துகொண்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "இந்த நட்டில் ஒழுகுகிறது, சரிசெய்து, நைட்ரஜன் அடித்து லீக் பார்த்து, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி வேக்குவம் போட்டு, எடை பார்த்து கேஸ் ஏற்றுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களிடம் பேசுகிற தோரணையே மாறும்.

அந்த வேலையை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்குக் காரணம் திறமை மட்டுமல்ல. தென்னாப்பிரிக்காவில் குளிர்பதன கேஸ் வேலை செய்கிறவர் எஸ்ஏக்யூசிசி கேஸ் அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். ஏசித் துறைக்கு அந்தப் பதிவை சராக்கா என்கிற ஒப்பந்ததாரர் சங்கம் பார்த்துக்கொள்கிறது. 2009-ஆம் ஆண்டு அழுத்தக் கருவி விதிகளின் கீழ் வருகிற விஷயம் இது. வருகிறவரிடம் அட்டையைக் கேளுங்கள், அதில் எந்த வகை வேலைக்கு அனுமதி என்று போட்டிருக்கும். கூச்சப்பட வேண்டாம், முறையாகப் படித்தவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

சட்டத்தை விடுங்கள், உயிர் இருக்கிறது. பழைய யூனிட்டுகளில் ஆர்22 என்கிற கேஸ், அப்புறம் வந்தவற்றில் ஆர்410ஏ, இப்போது வருகிறவற்றில் ஆர்32. ஆர்410ஏவின் அழுத்தம் ஆர்22-ஐவிட ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம், பழைய கேஜும் ஹோஸும் தாங்காது. ஆர்32 மெல்லத் தீப்பிடிக்கக்கூடியது. ஒன்றில் இன்னொன்றைக் கலக்கவே கூடாது. லீக் பார்க்க நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று வெல்டிங் கடை ஆக்ஸிஜனை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்ப்ரஸர் எண்ணெயோடு அழுத்தத்தில் ஆக்ஸிஜன் சேர்ந்தால் வெடிக்கும். அப்படி ஒரு சிலிண்டரை பாக்கி வண்டியிலிருந்து யாராவது இறக்கினால், டீ கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கரண்ட் பக்கமும் அப்படித்தான். வெளி யூனிட்டின் மூடியைத் திறந்தால் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கபாசிட்டர் இருக்கும், இன்வர்ட்டர் மாடலில் போர்டு இருக்கும். மெயினை அணைத்த பிறகும் சில நிமிஷங்களுக்கு அந்த போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அந்த மூடி மூடியபடியே இருக்கட்டும். புதிதாக ஏசிக்கு லைன் இழுப்பது, டிபியில் பிரேக்கர் சேர்ப்பது எல்லாம் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து சான்றிதழ் தர வேண்டிய வேலை. வீட்டை விற்கும்போது இரண்டு வருஷத்துக்கு மேல் பழசாகாத மின்சாரச் சான்றிதழ் கேட்பார்கள். தீ விபத்து வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் தேடுவதும் அந்தக் காகிதத்தைத்தான்.

கீசருக்கு வருகிறேன். நம் வீடுகளில் அதிகக் கரண்ட் குடிப்பது அதுதான், அதிகம் புரிந்துகொள்ளப்படாததும் அதுதான். கணக்கைப் பாருங்கள். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோகக் கிட்டத்தட்ட 7 யூனிட் கரண்ட் வேண்டும். தண்ணீரைச் சுட வைக்கிற கம்பியான எலிமென்ட் 3 கிலோவாட்டாக இருந்தால் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே "அரை மணி நேரம் போட்டேன், தண்ணீர் சுடலை" என்பது கோளாறு இல்லை. அதே வேலையை, காற்றிலிருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணீருக்குத் தருகிற ஹீட் பம்ப் இரண்டரை யூனிட்டுக்குள் முடிக்கும். புது வீடு கட்டுகிறவர்களுக்கு 2011-இலிருந்து விதியே வந்துவிட்டது, வெந்நீருக்கான சக்தியில் குறைந்தது பாதி சாதாரண எலிமென்ட் அல்லாத வேறு வழியில் வர வேண்டும் என்று. பழைய வீட்டுக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் கீசர் மாற்றுகிற நாள் வரும்போது நினைவில் வையுங்கள்.

தண்ணீர் சுடவே இல்லை என்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்னால் ப்ரீபெய்டு மீட்டரிடம் போங்கள். பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு கீசரை மட்டும் போடுங்கள். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது ஒரு மணி நேரத்தில் 3 யூனிட் இறங்கினால் எலிமென்ட் வேலை செய்கிறது. சூடு எங்கோ போகிறது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள், முள் நகர்ந்தால் கசிவு. யூனிட்டே இறங்கவில்லை என்றால் எலிமென்ட் அறுந்திருக்கலாம், அல்லது சூட்டின் அளவைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டின் பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்திருக்கலாம். கீசர் போட்டதும், கரண்ட் கசிந்தால் தானே விழுகிற எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் விழுகிறது என்றால் பெரும்பாலும் எலிமென்ட்டின் மேலுறை வெடித்து உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. டிபியில் கீசர் பிரேக்கரை இறக்கியும் எர்த் லீக்கேஜ் விழுந்துகொண்டே இருந்தால் குழம்ப வேண்டாம். நியூட்ரல் கம்பி வழியாகவும் அது விழும், கீசர் பக்கத்து ஐசோலேட்டரை அணைத்தால் விழாது. நல்ல 3 கிலோவாட் எலிமென்ட்டின் மின்தடையை அளந்தால் 17, 18 ஓம் காட்டும். எலக்ட்ரீஷியன் வந்து மீட்டர் வைக்கும்போது பக்கத்தில் நின்று அந்த எண்ணைப் பாருங்கள்.

கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். தண்ணீர் சுடும்போது விரியும். 20-இலிருந்து 60 டிகிரிக்குப் போகையில் 150 லிட்டர், 2 லிட்டருக்கும் கொஞ்சம் அதிகமாகக் கூடும். அந்த அதிகப்படி எங்காவது போக வேண்டும். அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு, நம் வீடுகளில் பெரும்பாலும் 400 கிலோபாஸ்கல், அதை வெளியே விடுகிறது. சுடும்போது சொட்டி, சுட்டு முடிந்ததும் நின்றால் எல்லாம் சரி. ராப்பகலாகச் சொட்டினால் வால்வு தேய்ந்திருக்கிறது, பிளம்பரைக் கூப்பிடுங்கள். ஆவியோடு கொதிக்கிற தண்ணீர் வந்தால் விஷயம் வேறு. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். டிபியில் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்கு போன் போடுங்கள்; கூரைக்குள் ஏறிப் பார்க்க வேண்டாம். எந்த நிலையிலும் அந்தக் குழாயை அடைக்கக் கூடாது. சொட்டுகிறது என்று அதில் கட்டை அடித்து வைத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். வால்வுக்கு வழி இல்லாத கீசர் கூரையையே தூக்கிக்கொண்டு போகக்கூடியது.

நீங்கள் செய்யக்கூடியவை: கீசருக்கும் வெந்நீர்க் குழாயின் முதல் இரண்டு மீட்டருக்கும் போர்வை சுற்றுவது, கீழே இருக்கிற தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பது, தட்டின் குழாய் வெளியே போகிறதா என்று சரிபார்ப்பது. தெர்மோஸ்டாட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று 60-க்குக் கீழே இறக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்கிற கிருமி வளரும். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும் என்பதும் உண்மை. சின்னப் பிள்ளைகளும் பாட்டி தாத்தாவும் குளிக்கிற குழாயில் பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கிற கலப்பு வால்வு வைக்கச் சொல்லுங்கள். உள்ளே மெக்னீஷியம் கம்பி ஒன்று இருக்கும், தொட்டிக்குப் பதில் துருப்பிடித்துக் கரைவதற்காக வைத்தது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பிளம்பர் வரும்போது அதைப் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

கூரைக்குள் ஏறும் முன் ஒன்று. பழைய கவுன்சில் வீடுகளில் பலவற்றுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இந்த நாடு 2008-இல் அதைத் தடை செய்தது, ஆனால் ஏற்கனவே போட்டது அப்படியே இருக்கிறது. அதில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், மேலே கால் வைக்கவும் வேண்டாம். உங்கள் வீடு பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கிற வகையாக இருந்தால் ஏசியின் வெளி யூனிட்டை அந்தச் சுவரில் மாட்டாதீர்கள். ராத்திரி முழுவதும் அதிர்வு அவர்கள் தலைமாட்டில் கேட்கும். அப்புறம் தீபாவளிப் பலகாரத் தட்டு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வராது.

ஹீட்டர் பற்றி நீளமாக எழுத ஒன்றும் இல்லை. எண்ணெய் ஹீட்டர், பேனல் ஹீட்டர், ஃபேன் ஹீட்டர் எதுவானாலும் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான். ஏசியையே சூடு பக்கம் திருப்பினால் டர்பன் குளிருக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு கிடைக்கும். 2 கிலோவாட் ஹீட்டரை மல்டி பிளக்கில் போடாதீர்கள், நேராகச் சுவர் சாக்கெட்டில். லெனேசியாவில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கதை வேறு. ஜோஹன்னஸ்பர்க் குளிரில் ராத்திரி உறைபனி விழும், வெளி யூனிட்டில் பனி படிந்து அது அடிக்கடி நின்று உருக்கிக்கொள்ளும். அதைக் கோளாறு என்று நினைத்து ஆள் கூப்பிட வேண்டாம். அவர்களுக்கு முதல் செலவு கூரைக்குக் கீழே இன்சுலேஷனாக இருக்கட்டும். அங்கே சூடு மேலே தப்பிக்கிறது, நமக்கு இங்கே கோடையில் மேலிருந்து கீழே இறங்குகிறது, இரண்டுக்கும் அதே போர்வைதான். கரி அடுப்பையோ இறைச்சி சுடுகிற பிராய் நெருப்பையோ அணைந்த மாதிரி இருந்தாலும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருப்பதில்லை.

முறை வைத்துக் கரண்டை நிறுத்துகிற லோட் ஷெடிங் 2023-இல் இருந்த மாதிரி இப்போது இல்லை, என்றாலும் கரண்ட் போய் வருகிற பழக்கம் போகவில்லை. போனதும் கீசரையும் ஏசியையும் டிபியில் இறக்கிவிடுங்கள், வந்து ஐந்து நிமிஷம் கழித்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். திரும்பி வரும் நிமிஷத்தில் தெருவே ஒன்றாக இழுக்கும், வோல்டேஜ் ஆடும், அதில்தான் இன்வர்ட்டர் போர்டுகள் போகின்றன. வோல்டேஜ் திடீரென்று எகிறினால் காக்கிற சர்ஜ் பாதுகாப்பு ஒன்றை டிபியில் எலக்ட்ரீஷியனை விட்டுப் போடச் சொல்லுங்கள், ஒரு போர்டின் விலையைவிடக் குறைவுதான்.

புது ஏசி வாங்குவதாக இருந்தால் பெரியதாக வாங்காதீர்கள். தோராயக் கணக்கு ஒரு சதுர மீட்டருக்கு 600 பிடியு, ஏசியின் குளிர்விக்கும் சக்தியை அளக்கிற அளவு அது. 3-க்கு 4 மீட்டர் படுக்கையறைக்கு 9,000 பிடியு யூனிட் போதும். மேற்கு வெயில் படுகிற அறை, இன்சுலேஷன் இல்லாத கூரை என்றால் ஒரு படி மேலே போகலாம். கடைக்காரர் 18,000 தள்ளப் பார்ப்பார். இன்வர்ட்டர் இல்லாத பெரிய யூனிட் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரமே இருக்காது. அறை ஜில்லென்றும் மெத்தை நசநசவென்றும் இருக்கும்.

இதற்கெல்லாம் மேலே போய் முழுத் தொழிலாகவே படிக்க ஆசை வந்தால், டிவெட் எனப்படும் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து, ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாக வேலை பார்த்து, டிரேட் டெஸ்ட் எழுத வேண்டும். வருஷக் கணக்கில் ஆகும். உங்கள் வயதில் அது முடியாத காரியம் இல்லை, ஆனால் வீட்டு ஏசிக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது: இரண்டு ஏசியின் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எந்த கேஸ், எத்தனை கிராம், எத்தனை ஆம்பியர் எல்லாம் அதில் இருக்கும். மாடல் எண்ணை வைத்து மேனுவலைத் தேடி இறக்கி, எரர் கோடு பக்கத்தை மட்டும் படியுங்கள். இரண்டு யூனிட்டிலும் டிகிரி வித்தியாசத்தை அளந்து நோட்டில் போடுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம்தான் ஊரே ஏசி மெக்கானிக்கைத் தேடும், குளிர்காலம் முழுக்க அணைத்து வைத்ததை விருந்தாளி வருகிறார்கள் என்று அன்றைக்குத்தான் போட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் செப்டம்பரிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள், அப்போது மெக்கானிக்கும் சாவகாசமாக வருவார், நீங்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் நின்று பதிலும் சொல்வார்.